பொடிமாஸ் பாடிப் பாருங்கள்

கேள்வி: பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே’ மாதிரி உருகி உருகிப் பாடும் காதல் தோல்விப் பாட்டுகள் இப்போது ஏன் வருவதில்லை? அது மட்டும் எப்படி இத்தனை காலம் நிற்கிறது?

பதில்: உருகி உருகியா? யார் பாடிக் கேட்டீர்கள்? ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாடியிருக்கிறார்கள், அவர்களில் உருகியவர்கள் ஏராளம். பாட்டை எழுதி மூலத்தில் பாடிய பீட்டில்ஸ்காரர் பால் மெக்கார்ட்னி அந்தக் கூட்டத்தில் இல்லை. வயலின் முதலான தந்தி வாத்தியம் சேர்க்கலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னதும் அவர் போட்ட நிபந்தனையே, வைப்ராட்டோ வேண்டாம், நாதம் நடுங்கக் கூடாது என்பதுதான். 1965 ஜூன் 14 அன்று இதைப் பதிவு செய்த அதே நாளில், ‘ஐம் டவுன்’ பாட்டுக்குத் தொண்டை கிழியக் கத்தியவரும் அவரே. கத்த வராமல் அடக்கிப் பாடியவர் அல்ல.

மெட்டு வந்து வெகுநாள் வார்த்தை வரவில்லை. நம் சினிமாக்காரர்கள் தத்தகாரம் போடும் இடத்தில் அவர் ‘ஸ்க்ராம்பிள்ட் எக்ஸ்’ போட்டு வைத்திருந்தார். அதாவது முட்டைப் பொடிமாஸ். பொ-டி-மாஸ்: குறில், குறில், நெடில். எடுப்பில் ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லின் இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது, நீங்களே பாடிப் பாருங்கள். பொடிமாஸுக்கும் தொண்டை அடைத்தால் வேலை செய்வது மெட்டு. டிவி போட்டிகளில் பல்லவி முடிவதற்குள் கண்ணைத் துடைக்கும் போட்டியாளர்களையும், கூடவே துடைக்கும் நடுவர்களையும் ஒரு வாரம் பொடிமாஸ் சுற்றில் நிறுத்த வேண்டும். அழுகிறவருக்கு மதிப்பெண் கிடையாது.

வரிகளில் அவள் ஏன் போனாள் என்பது கடைசிவரை இல்லை. பெயரில்லை, ஊரில்லை. யாரும் தன் கதையைப் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம்.

இதை வாத்தியத்தில் வாசிப்பவர்கள் தடுக்குவது வேறு இடங்களில். முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெளிச்சியான மேஜர், மூன்றாவது பாரிலேயே (பார் என்பது ஒரு தாளச் சுற்று) சோகம் தொனிக்கும் மைனர். இடையில் (கிடாரில் ஜி கையமைப்பில் வாசித்தால்) வரும் எஃப் ஷார்ப் மைனர் செவன் கார்டை விட்டுவிட்டு நேராக பி செவனுக்குத் தாவினால் அந்தச் சறுக்கல் போய்விடும். சரணம் ஏழே பார். நாலு நாலாகப் பழகிய கை எட்டாவதைத் தானாகச் சேர்த்து அங்கே ஒரு டிரம் உருட்டலையும் வைக்கும். ஒன்று குறைவதால்தான் அடுத்த அடி எதிர்பார்ப்பதற்கு முன்பே வந்து விழுகிறது. அதை நிரப்பினால் பாட்டு அணிவகுப்பாகிவிடும். கிடாரையும் கவனியுங்கள். ஆறு தந்திகளையும் ஒரு முழு சுரம் இறக்கி (டி, ஜி, சி, எஃப், ஏ, டி), ஜி கையமைப்பில் வாசித்தார். காதில் கேட்பது எஃப். இறக்காமல் வாசித்தால் சுருதி ஏறும், பாடுகிறவர் முக்குவார், முக்கலை நீங்கள் உருக்கம் என்பீர்கள்.

கீபோர்டில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ பொத்தானை அமுக்கிவிட்டு முப்பது வயலின் வந்துவிட்டதாக நம்புகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய தகராறு உண்டு. இங்கே மொத்தமே இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நான்கு பேர் கிடைக்காவிட்டால் கிடாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூலத்திலும் முதல் சரணம் வெறும் கிடார்தான், வயலின் கூட்டம் இரண்டாவதில்தான் நுழைகிறது.