லெட் ஒட்டாம உருண்டு ஓடுதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, போர்டுல பார்ட்ஸ் ஒட்ட 25 வாட் சால்டரிங் அயர்ன் வாங்கினேன், மொதல்ல நல்லாத்தான் ஓடிச்சு. இப்ப முனை கருத்துப்போயி லெட் (தகரமும் ஈயமும் கலந்த சால்டர் கம்பி) ஒட்டவே மாட்டேங்குது, உருண்டு உருண்டு கீழ விழுது. உப்புத்தாள் போட்டு தேய்ச்சா ஒருநாள் சரியா இருக்கு, மறுநாள் அதே கதை. 60 வாட் வாங்கிடவா? – ப்ளஸ் டூ மாணவர், திண்டுக்கல்

பதில்: வாட் மேல பழி போடாதீங்க தம்பி. இப்ப வர்ற பிட்டு, அதாவது அயர்னோட முனை, நெறைய உள்ள செம்பு, வெளிய மெல்லிசா இரும்பு முலாம். உப்புத்தாள் போட்டா அந்த முலாம் போயிடும், அப்புறம் லெட்டுல இருக்கற தகரமே செம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு முனையில குழி போட்டுரும், அந்த பிட்டை தூக்கித்தான் போடணும். முலாம் இல்லாத வெறும் செம்பு பிட்டுன்னா அரம் வெச்சு ராவிக்கலாம், அது வேற.

புது பிட்டு மாட்டினதும் சூடு ஏற ஏற முனையில லெட்டை பூசிருங்க. ஈர ஸ்பாஞ்சுல லேசா துடைச்சு துடைச்சு வேலை பாருங்க. வேலை முடிஞ்சதும் எல்லாரும் என்ன பண்றாங்கன்னா பளபளன்னு துடைச்சு ஸ்டாண்டுல வெக்கறாங்க, அதான் தப்பு, கடைசியில தாராளமா லெட்டு வெச்சு அப்படியே ஸ்விட்சை அமத்துங்க, அந்த லெட்டுதான் முனையில காத்து படாம காப்பாத்தும். டீ குடிக்கப் போனாலும் அமத்திட்டுப் போங்க, சாதா அயர்ன்ல சூட்டைக் கட்டுப்படுத்த ஒண்ணும் கிடையாது, சும்மா நிக்கும்போதுதான் முனை சீக்கிரம் கருக்கும்.

இன்னொரு பழக்கம் உங்ககிட்ட இருக்கும்னு சந்தேகப்படறேன். பிட்டுல லெட்டை உருக்கி எடுத்துட்டுப் போயி ஜாயிண்ட்ல தடவறது. பெரிய பெரிய மெக்கானிக்கே அப்படித்தான் பண்றாங்க, ஆனா லெட்டு கம்பிக்குள்ள நடுவுல குங்கிலியம் மாதிரி ஃப்ளக்ஸ் இருக்குல்ல, அது ஜாயிண்ட்டுக்குப் போறதுக்குள்ள புகையா போயிருது, அப்புறம் துரு அழுக்கை யாரு எடுப்பா? அதனாலதான் உருண்டு விழுது. பிட்டோட முனையை போர்டுல இருக்கற செம்பு வட்டத்தையும் பார்ட்ஸோட காலையும் ஒண்ணா தொடற மாதிரி வைங்க, ஒரு செகண்ட் சூடாகட்டும், எதிர்ப்பக்கத்துல இருந்து லெட்டை ஜாயிண்ட்ல கொடுங்க, பிட்டுல இல்ல. அதுவா உருகி ஓடி சுத்திக்கும். மொதல்ல லெட்டை எடுங்க, அடுத்து அயர்னை. மொத்தமே ரெண்டு மூணு செகண்ட். ஆறுறவரைக்கும் ஆட்டாதீங்க, ஊதாதீங்க. காலைச் சுத்தி சரிவா இறங்கி இருந்தா நல்ல ஜாயிண்ட், உருண்டையா தனியா உக்காந்திருந்தா டிரை சால்டர், இன்னைக்கு வேலை செய்யும், நாளைக்கு தட்டினாத்தான் வேலை செய்யும்.

60 வாட் தடி வயருக்கு நல்லது. சின்ன போர்டுல வெச்சா செம்புக் கோடு (ட்ராக்) பேந்துக்கிட்டு வந்துரும்.

கேள்வி: பையன் ரூம்ல எப்பவும் சால்டரிங் புகை. ஈயம் விஷம்னு சொல்றாங்களே, புகையில வருமா? – ஒரு அம்மா, கரூர்

பதில்: புகையில ஈயம் வர்றது இல்லன்னே சொல்லலாம்மா. 60/40 லெட்டு (60 பங்கு தகரம், 40 பங்கு ஈயம்) உருகறது 183லேர்ந்து 190 டிகிரிக்குள்ள, அயர்ன் முனை 350 பக்கம் இருக்கும், ஈயம் கொதிச்சு ஆவியாகணும்னா 1,700 டிகிரிக்கு மேல போகணும். அந்தப் புகை ஃப்ளக்ஸ் எரியறது. அதுக்காக நல்லதுன்னு நெனச்சுராதீங்க, தொடர்ந்து இழுத்தா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு விடும். ஜன்னல் தொறந்து, புகையை பக்கவாட்டுல இழுத்து வெளிய தள்ற மாதிரி ஒரு ஃபேன் வெக்கச் சொல்லுங்க.

ஈயம் கை வழியா வாய்க்குத்தான் போகும். ரெண்டு கையும் பிஸியா இருக்குன்னு லெட்டு கம்பியை பல்லுல கடிச்சுக்கிட்டு வேலை பாக்கறவங்க எத்தனை பேர்! அதை மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவாம முறுக்கு தின்னக்கூடாது, சாப்பாட்டு மேஜையில இந்த வேலையே கூடாது. வீட்டுல தவழ்ற குழந்தை இருந்தா தரையில சிதறின லெட்டு துணுக்கை ஈரத்துணியால துடைச்சு எடுக்கணும்.

கேள்வி: பிளக்கை பிடுங்கிட்டுத்தான் எல்.இ.டி. டிரைவர் போர்டுல கை வெச்சேன், தூக்கி அடிச்சிருச்சு. எப்படி? – வாசகர், நாகர்கோவில்

பதில்: கரண்டைச் சேத்து வெக்கற பெரிய கெப்பாசிட்டர் அடிச்சிருக்கு. 230 வோல்ட் ஏசி டிசியாகும்போது 325 வோல்ட் வரைக்கும் அதுல ஏறும், பிளக்கை புடுங்கினாலும் உள்ளயே நிக்கும். ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணி பொறி பறக்க விடறது வேண்டாம், ரெசிஸ்டர் வெச்சு அந்த கரண்டை மெதுவா இறக்கி, மீட்டர்ல பாத்துட்டு கை வைங்க. அயர்னுக்கும் எர்த் உள்ள மூணு பின் பிளக்தான். வயர் சூடான முனையில உரசி தோல் உருகியிருக்கான்னு அப்பப்ப பாருங்க. அயர்ன் கீழ விழுந்தா விழட்டும், பாய்ஞ்சு பிடிக்காதீங்க.

கேள்வி: சுட்டுக்கிட்டா பேஸ்ட் தடவலாமா? – வாசகி, மதுரை

பதில்: பல்லு வெளக்கற பேஸ்ட்டா? வேணாம். இங்க்கும் வேணாம். ஓடற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க, பெரிசா இருந்தா டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: 18650 லித்தியம் செல்லுல (ரீசார்ஜ் பண்ற பேட்டரி) நேரா வயரை சால்டர் பண்ணலாமா? – வாசகர், சேலம்

பதில்: கூடாது. சூடு உள்ள இறங்கி செல்லு கெட்டுப்போகும், நேரம் சரியில்லன்னா தீயே பிடிக்கும். ஒரு நொடி கரண்ட் பாய்ச்சி ஒட்டற ஸ்பாட் வெல்டிங்தான் அதுக்கு வழி. கடையில நிக்கல் பட்டை வெச்சே வர்ற செல்லு கேளுங்க, அந்தப் பட்டை நுனியில தாராளமா வயரை சால்டர் பண்ணுங்க.