வாசகர் கேள்வி, டாக்டர் பதில்: ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கம்

கேள்வி: டாக்டர், என் முதல் ஆய்வுக் கட்டுரையை ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் ‘ரெஃபரன்ஸ் (சான்றுப் பட்டியல்) எங்கள் முறைப்படி இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். வான்கூவர் முறை என்கிறார்கள், ஆனால் இதழுக்கு இதழ் வேறு மாதிரி கேட்கிறார்களே? — முதுகலை மருத்துவ மாணவி, திருச்சி

பதில்: ஒரு தடவை திரும்பி வந்ததற்காக மனம் தளர வேண்டாம், இது ஒரு மாலை நேர வேலைதான். வான்கூவர் கனடாவில் உள்ள ஊர். ஒரே கட்டுரையை வேறொரு இதழுக்கு அனுப்பும்போதெல்லாம் ரெஃபரன்ஸை முதலிலிருந்து தட்டச்சு செய்யவேண்டியிருந்த காலத்தில், 1978-ல் சில மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் அங்கே கூடி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறையைப் பேசி முடித்தார்கள். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு எண் 1, அடுத்து வருவதற்கு 2, அதே சான்று மறுபடி வந்தால் அதே பழைய எண். அடிப்படை இவ்வளவுதான்.

ஒரு வரியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். போர்ட்டர், ஜிக் என்ற இருவர் 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய ஒரு சிறு கடிதம். முதலில் குடும்பப் பெயர், ஒரு இடைவெளி, பிறகு இனிஷியல். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி கிடையாது. அடுத்த ஆசிரியருக்கு முன் கமா, பெயர்கள் முடிந்ததும் புள்ளி. பிறகு தலைப்பு, அதில் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. அப்புறம் இதழின் பெயர், முழுதாக அல்ல, ‘என் இங்கிள் ஜே மெட்’ என்று பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) உள்ள அதே சுருக்கம் (லான்செட் போல ஒரே சொல்லாக உள்ள பெயரைச் சுருக்கக் கூடாது). கடைசியில் 1980;302(2):123. அதாவது ஆண்டு, தொகுதி, அடைப்புக்குள் இதழ் எண், பக்கம். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளி விடக் கூடாது, பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இந்தக் கடிதத்தை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

இதழுக்கு இதழ் மாறுவது பெரும்பாலும் சில இடங்களில்தான். ஆறு பேர் வரை எல்லோர் பெயரும் போட வேண்டும் என்பது பல இதழ்களில் பொது, ஏழாகிவிட்டால் சில இதழ்கள் முதல் ஆறு பேரைக் கேட்கும், ஜாமாவும் லான்செட்டும் முதல் மூன்று பேர் போதும் என்னும். பக்க எண்ணை 637-41 என்று சுருக்குவதா, 637-641 என்று முழுதாக எழுதுவதா என்பது இன்னொன்று. உரையில் வரும் எண்ணை அடைப்புக்குள் போடுவதா, வரிக்கு மேலே சிறிதாக ஏற்றிப் போடுவதா என்பதும் மாறும். ஆகவே அந்த இதழ் கடைசியாக வெளியிட்ட ஒரு கட்டுரையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துங்கள், விதிமுறைப் பக்கத்தைப் படிப்பதைவிட அது சீக்கிரம் புரியும்.

கேள்வி: நான் ‘மு. கவிதா’ மாதிரி இனிஷியல் வைத்துப் பெயர் எழுதுபவள். ஒரு கட்டுரையில் என் அப்பா பெயரில் ரெஃபரன்ஸ் வருகிறது, இன்னொன்றில் என் பெயரில். ஏன்? — உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மில் பலருக்குக் கிடையாது, ஆனால் சமர்ப்பிக்கும் படிவம் அதைக் கேட்கும். கடைசிப் பெயர்க் கட்டத்தில் கவிதா என்று போட்டால் ‘கவிதா மு’ என்று வரும், அப்பா பெயரைப் போட்டால் ‘முருகேசன் க’ ஆகிவிடும். பப்மெட்டைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள், உங்கள் உழைப்பில் பாதி வேறொருவர் கணக்கில் கிடக்கும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள், ஆர்கிட் எனும், ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க எண்ணையும் வாங்கிவிடுங்கள், இலவசம்தான். மற்றவர் கட்டுரையைக் காட்டும்போது ‘இது அப்பா பெயராக இருக்குமே’ என்று நாமே ஊகித்துத் திருப்பிப் போடக் கூடாது, அச்சில் எப்படி உள்ளதோ அப்படியே.

கேள்வி: சீனியரின் தீசிஸில் நல்ல ரெஃபரன்ஸ் பட்டியல் இருக்கிறது. மூலக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க நேரமில்லை. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? — பெயர் வேண்டாம்

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்ன போர்ட்டர், ஜிக் கடிதத்துக்கு வருகிறேன். மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் ஓபியாய்டு வகை (அபின் போன்ற) வலி மருந்து ஒரு தடவையாவது வாங்கிய 11,882 பேரைப் பார்த்ததில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானதாகத் தெரிந்தது என்று அது சொன்னது. வீட்டுக்கு மாத்திரை கொடுத்தனுப்பி மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களைப் பற்றி ஒரு சொல் அதில் இல்லை. ஆனால் ஒருவர் பட்டியலிலிருந்து இன்னொருவர் எடுத்து, அவரிடமிருந்து வேறொருவர் எடுத்து, ‘ஓபியாய்டு கொடுத்தால் அடிமையாவது அரிது’ என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிட்டது. 2017-ல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: அதைக் காட்டிய 608 கட்டுரைகளில் 439, அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாகவே காட்டியிருந்தன, 491 கட்டுரைகள் அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. இதற்கிடையே அமெரிக்காவில் அந்த மாத்திரைகளால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது உங்களுக்கும் தெரியும். அத்தனை பட்டியல்களிலும் கமாவும் புள்ளியும் சரியாகவே இருந்திருக்கலாம், ஐந்து வாக்கியத்தைப் படிக்கத்தான் பலருக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது.

பழைய பட்டியலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998 லான்செட் கட்டுரையை 2010-ல் திரும்பப் பெற்றார்கள். அப்படித் திரும்பப் பெற்றவை சீனியரின் தீசிஸில் சாதாரணமாகவே நின்றுகொண்டிருக்கும். பப்மெட்டில் திறந்தால்தான் மேலே எச்சரிக்கை தெரியும். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டுப் பட்டியல் வாங்குபவர்களுக்கும் இதே பதில்தான், உண்மையான இதழ்ப் பெயரும் நம்பும்படியான பக்க எண்ணும் போட்டு, எழுதப்படாத கட்டுரையை அது தரக்கூடும். ஒவ்வொன்றாகத் திறந்து, குறைந்தபட்சம் நீங்கள் காட்டும் அந்த முடிவு அங்கே இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எல்லாவற்றுக்கும் நேரமில்லை என்றால் நாற்பதை இருபத்தைந்தாகக் குறையுங்கள்.

கேள்வி: ரெஃபரன்ஸுக்கு மென்பொருள் அவசியமா, கையாலேயே எண் போடலாமா? — மருத்துவ அலுவலர், தஞ்சாவூர்

பதில்: பத்துக்கு மேல் போனால் அவசியம். என் ஆரம்பகாலக் கட்டுரை ஒன்றில் கையால்தான் எண் போட்டேன். கடைசி நேரத்தில் நடுவில் ஒரு பத்தி சேர்த்தேன், பட்டியலில் 14 என்பது 15 ஆனது, உரையில் மாற்ற மறந்தேன். மருந்தின் அளவுக்குச் சான்றாக நான் காட்டிய எண், சம்பந்தமே இல்லாத ஒரு கணக்கெடுப்பில் போய் நின்றது. மதிப்பாய்வாளர் ஒருவர் அதைத் திறந்து பார்த்ததால் பிடிபட்டது, அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஸோட்டெரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருள் இலவசம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் சிவப்பில் எச்சரிக்கவும் செய்யும். இதழ் மாறினால் பாணியை மாற்றி ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் அது உள்ளே இழுத்துவரும் விவரங்களில் பிழை இருக்கும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்து நிற்கும், அதை நீங்கள்தான் திருத்த வேண்டும். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, நகலில் மட்டும் மென்பொருளோடு உள்ள இணைப்புகளைத் துண்டித்துச் சாதாரண எழுத்தாக்குங்கள்.

கேள்வி: அட்டவணையில் மட்டும் வரும் சான்றுக்கு என்ன எண்? — அதே மருத்துவ அலுவலர்

பதில்: உரையில் அந்த அட்டவணையை முதன்முதலில் எங்கே குறிப்பிடுகிறீர்களோ, அந்த இடத்தில் வரிசைப்படி என்ன எண் வருமோ அது. அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கிறதே என்று கடைசி எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.