கணக்கில் மூளை உள்ளவர்களுக்கு இலக்கியம் வராது என்கிறார்களே, உண்மையா?

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். விடுதி அறையில் கவிதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் "உனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்பார்கள். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிய கேள்வி. என் பதில் ஒரு மனிதர்: பிரான்சுவா லெ லியொன்னே. 1901இல் பாரிசில் பிறந்த வேதிப் பொறியாளர். சதுரங்கத்துக்கு அகராதியே தொகுத்தவர்.

அவருடைய நண்பர், எழுத்தாளர் ரேமோன் கெனோ ஒரு விசித்திரமான வேலையில் இறங்கியிருந்தார். பத்து சானெட்டுகள், அதாவது ஒவ்வொன்றிலும் 14 வரிகள் கொண்ட ஐரோப்பியக் கவிதைகள். ஒன்றின் முதல் வரியோடு இன்னொன்றின் இரண்டாம் வரி, வேறொன்றின் மூன்றாம் வரி என்று எப்படிக் கோத்தாலும் இயைபும் இலக்கணமும் கெடக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் பத்து வழி. ஆக, பத்தை 14 முறை பெருக்க வேண்டும். கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண் அது. கவிதைக்கு ஒரு நிமிடம் என்று இராப்பகலாகப் படித்தாலும் முடிக்க 19 கோடி ஆண்டுகள் ஆகும். ஐந்தாறு எழுதியதும் கெனோ தயங்கி நின்றுவிட்டார். லெ லியொன்னேயிடம் அதைப் பற்றிப் பேசப்போய், 1960 நவம்பரில் 'ஊலிப்போ' என்ற குழுவே பிறந்தது. கெனோ முடித்த அந்தப் பத்து சானெட்டுகளும் அடுத்த ஆண்டு லெ லியொன்னேயின் பின்னுரையோடு புத்தகமாக வந்தன.

ஊலிப்போவில் கணிதக்காரர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு கட்டுப்பாட்டை வகுப்பது, அப்புறம் அதற்குள் எழுதுவது. அக்குழுவின் ழொர்ழ் பெரெக் 1969இல் 'e' என்ற பிரெஞ்சு எழுத்தே வராமல் ஒரு முழு நாவல் எழுதினார். தாங்கள் புதிதென்று நினைத்த வடிவத்தைப் பழைய கவிஞர் யாராவது முன்பே கையாண்டிருந்தால், அதை 'முன்கூட்டியே அடித்த காப்பி' என்று சொல்லி மதிப்போம் என்றார் லெ லியொன்னே. உதடு ஒட்டாமல் பாடும் நம் நிரோட்டகத்தைக் கண்டிருந்தால் நிச்சயம் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்.

ஆனால் எனக்கு அவர் மேல் இவ்வளவு மரியாதை வந்தது வேறொன்றால். நாஜிகளை எதிர்த்த ரகசியப் போராட்டத்தில் இருந்த அவரை 1944இல் கைது செய்து ஜெர்மனியிலிருந்த டோரா என்ற வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். மலையைக் குடைந்த சுரங்கங்களில் கைதிகளை வைத்து வி-2 என்ற போர் ராக்கெட் செய்த இடம். ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். அங்கே ஆள் கணக்கெடுக்க மணிக்கணக்கில் நிற்க வைக்கும்போது, தன் நினைவில் இருந்த ஓவியங்களைப் பக்கத்தில் நின்ற இளம் கைதிக்கு ஒவ்வொன்றாக விவரித்திருக்கிறார். எங்கே என்ன நிறம், மூலையில் என்ன இருக்கிறது என்பதுவரை. 1946இல் அதை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். அதைப் பற்றி அறிந்த அன்று வேறெதுவும் படிக்க முடியவில்லை எனக்கு.

திரும்பி வந்தவர் ஓயவில்லை. 1948இல் கணிதச் சிந்தனை பற்றி ஒரு பெரிய தொகுப்பு கொண்டுவந்தார். அதில் கணித மேதைகளோடு கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவும் எழுதினார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1983இல் வந்த புத்தகத்தில், எண்களை ஒவ்வொன்றாக எடுத்து இதில் என்ன சிறப்பு என்று சொல்லிக்கொண்டே போகிறார்.