யூபிஎஸ்-க்கு மாறிய பிறகு அரசின் 18.5% ஏன் கணக்கில் தெரியவில்லை?

யூபிஎஸ் என்பது மத்திய அரசு ஊழியர்களுக்கான ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். அதில் அரசு செலுத்தும் 18.5% (அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில்) முழுவதும் உங்கள் கணக்குக்கு வராது. உங்கள் பெயரில் ஏறுவது அரசின் 10% மட்டும். மீதி 8.5% பொதுத் தொகுப்புக்குப் போகிறது.

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நீங்கள் முன்பு இருந்த என்பிஎஸ்-இல் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) உங்கள் 6,000, அரசின் 8,400, ஆக 14,400. யூபிஎஸ்-இல் உங்கள் 6,000, அரசின் 6,000, ஆக 12,000தான். அப்புறம் அரசின் 5,100 பொதுத் தொகுப்புக்கு. மாறிய பிறகு தொகை மெதுவாக ஏறுவது பெரும்பாலும் இதனால்தான்.

பழைய ஓய்வூதியம் அந்தந்த ஆண்டின் வரிப்பணத்திலிருந்து வந்தது. என்பிஎஸ் சந்தையை நம்பியது. 2025 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த யூபிஎஸ் நடுவில் நிற்கிறது: 25 ஆண்டு சேவைக்கு, கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50% உறுதி. அந்த உறுதியைத் தாங்கத்தான் தொகுப்பு. சந்தை சரிந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறவர் மட்டும் அடிவாங்கக் கூடாது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

சரி, ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். சம்பளச் சீட்டையும் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, மாதத்துக்கு இரண்டு 6,000 வரவு இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். ஒரு மாதம் விட்டுப்போயிருந்தாலும் சம்பளம் போடும் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் கணக்கில் சேர்ந்த தொகை, திட்டம் நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் ஓய்வூதியமும் அந்த விகிதத்தில் குறையும்.

25 ஆண்டு நிரம்பாவிட்டால் 50% கிடைக்காது, சேவைக்கு ஏற்பக் குறையும். 10 ஆண்டுக்குக் கீழே என்றால் உறுதித் தொகையே இல்லை.