வாக்கர் என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

‘ஜானி வாக்கர் பாட்டிலில் ஒருவர் கைத்தடியோடு நடந்து போகிறாரே, வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதான் பொருளா? அந்தப் பெயர் இங்கிலாந்தில் எந்தப் பக்கத்துக்காரர்களுடையது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் நடந்தது தொட்டிக்குள், ஈரக் கம்பளித் துணியின் மேல்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. ஆட்டு ரோமத்தின் பிசுக்கு அதில் ஒட்டியிருக்கும், நெசவும் தளர்ந்து கிடக்கும். அதைத் தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் மிதித்தால் பிசுக்கு போகும், ரோம இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், துணி சுருங்கித் தடிக்கும். குளிரும் மழையும் தாங்கும் கம்பளி இப்படித்தான் கிடைத்தது. மிதிக்கும்போது தொட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்காது. நாள்பட்ட சிறுநீரும் (அதிலுள்ள அம்மோனியாதான் அந்தக் காலத்து சோப்பு) ஒருவகைக் களிமண்ணும் சேரும். அந்த மண் நமக்குப் பழக்கமானதுதான். முல்தானி மட்டி என்று வாங்கி முகத்தில் பூசுகிறோமே, அதே வகை. ஆங்கிலத்தில் அதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். சர்ரே மாவட்டத்தில் நட்ஃபீல்ட் பக்கம் அதை வெட்டி எடுத்தார்கள். வெளிநாட்டு ஜவுளிக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாதென்று 17ஆம் நூற்றாண்டில் அதன் ஏற்றுமதிக்குத் தடையே போட்டார்கள் என்றால், அந்த மண்ணுக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

12ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வேலைக்கும் தண்ணீர் ஆலை வந்துவிட்டது. ஆற்றுச் சக்கரம் சுழலச் சுழல, மரச் சம்மட்டிகள் தூக்கித் தூக்கித் துணியை அடிக்கும். டெம்ப்ளர் வீரத் துறவிகள் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கிலேயே யார்க்‌ஷயரில் இப்படி ஓர் ஆலை இருக்கிறது. காலுக்கு ஓய்வு கிடைத்தது, பெயர் மட்டும் மாறவில்லை. சம்மட்டி ஆலை நடத்தியவரும் வாக்கர்தான்.

இனி, எந்தப் பக்கம் என்ற கேள்வி. எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான். ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன. வடக்கிலும் மத்திய மாவட்டங்களிலும் வாக்கர். கென்ட், சசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் என்று தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட், கார்ன்வால் என்று தென்மேற்கில் டக்கர். எக்ஸிடர் நகரில் 1471இல் கட்டிய நெசவாளர் சங்கக் கூடத்தை இன்றைக்கும் டக்கர்ஸ் ஹால் என்றே சொல்கிறார்கள். ஃபுல்லருக்கு மூலம் லத்தீன். டக்கர் வந்தது ‘வதைத்தல்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து. துணி பட்ட பாட்டைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.

அந்த வட்டார வழக்கு எப்படி இத்தனை காலம் தாங்கியது? சாதாரண மக்களின் பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக மெல்ல மெல்ல உறைந்தது, பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில். தெற்கில் முன்னதாக, வடக்கில் கொஞ்சம் தாமதமாக. 1377க்கும் 1381க்கும் இடையில் மூன்று முறை தலைவரி போட்டார்கள். அந்தப் பட்டியல்களைப் பார்த்தால், தொழில் பெயர் அப்போதுதான் குடும்பப் பெயராகிக்கொண்டிருப்பது தெரியும். அப்புறம் ஐந்நூறு ஆண்டு கழித்து எடுத்த 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைபடம் போட்டாலும் டக்கர் தென்மேற்கிலும் ஃபுல்லர் தென்கிழக்கிலும்தான் அடர்ந்து நிற்கிறார்கள். தொழிற்புரட்சி வந்து அத்தனை பேர் ஊர்விட்டு ஊர் போன பிறகும் இப்படி!

ஆனால் வாக்கர்கள் எல்லாரும் ஒரே வம்சம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பளி நெய்த ஊருக்கெல்லாம் ஒரு மிதிப்பவர் தேவை. அதனால் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக முளைத்த பெயர் இது. இன்றும் இங்கிலாந்தின் முதல் இருபது குடும்பப் பெயர்களுக்குள் வருகிறது. நான் லீட்ஸில் வேலை பார்த்தபோது ஒரே தளத்தில் சில வாக்கர்கள் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது. ‘எங்கள் வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று இணையத்தில் கேடயப் படம் விற்பவர்களை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

வேறு விளக்கங்களும் உலவுகின்றன. அரசரின் காட்டைச் சுற்றிவந்த காவலர்கள்தான் வாக்கர்கள் என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கையில்லை. அதில் உண்மை இருந்தால் இந்தப் பெயர் காடுகளை ஒட்டி அடர்ந்திருக்க வேண்டும், கம்பளிச் சீமையில் அல்ல. நியூகாசில் நகரில் வாக்கர் என்று ஒரு பகுதி உண்டு. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பதால் வந்த பெயர். அந்த ஊரிலிருந்து சிலர் இந்தப் பெயரைப் பெற்றிருக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் பாட்டில்காரர் ஸ்காட்லாந்து. ஜான் வாக்கர் 1820இல் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடை வைத்தவர். அந்த நடக்கும் மனிதர் 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது. ஸ்காட்லாந்தில் இன்னொரு சங்கதி: கேலிக் மொழியில் ‘கம்பளி மிதிப்பவரின் மகன்’ என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அதை வைத்திருந்த சில குடும்பங்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது வாக்கர் ஆகிவிட்டார்கள்.

கடல் கடந்த கதை வேறு மாதிரி. மேஃப்ளவர் கப்பலில் 1620இல் அமெரிக்கா போன எட்வர்டு, சாமுவேல் ஃபுல்லர் சகோதரர்கள் நார்ஃபோக்கின் ரெடன்ஹால் ஊர்க்காரர்கள், வரைபடம் சொல்கிறபடியே. ஆனால் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் உள்ள வாக்கர்களில் பலர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். அங்கே பெயரை வைத்து யார்க்‌ஷயருக்கு ரத்த உறவு தேடுவதில் அர்த்தமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிக் கவிஞர் கேத் வாக்கர், 1988இல் அந்தப் பெயரையே உதறிவிட்டு ஊட்ஜரூ நூனக்கல் என்று வைத்துக்கொண்டார். வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது.

இதே விளையாட்டை மற்ற ஜவுளித் தொழில்களிலும் பார்க்கலாம். நெசவாளர் வடக்கில் வெப்ஸ்டர், டெவனில் வெபர். சாயம் தோய்ப்பவர் யார்க்‌ஷயரில் லிஸ்டர், தென்மேற்கில் டையர். ஆமாம், ஜாலியன்வாலாபாக் டையரின் பெயரும் சாயத் தொட்டியிலிருந்து வந்ததுதான்.