இருநூறு ரூபாய் வலை

கேள்வி: தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் தருவைகுளம். அப்பா முன்பு கடலுக்குப் போனார், இடுப்பு வலி வந்தபின் கரையில் வலை கட்டுகிறார். படிப்பு முடிந்ததும் மும்பையில் மேற்படிப்பா, ஆந்திராவில் இறால் பண்ணை வேலையா, அரசுத் தேர்வா என்று ஒரே குழப்பம். அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது, அவரும் கேட்பதில்லை. பிராக்டிகலுக்கு வலைத்துண்டு பின்னக்கூட நேரமில்லாமல், துறைமுகத்தில் ஒருவரிடம் 200 ரூபாய் கொடுத்துப் பின்னி வாங்கினேன். அவ்வளவு படிப்புச் சுமை. நான் எந்த வழியில் போவது?

பதில்: மூன்றும் உன் பட்டத்தோடு எல்லாரும் போகிற வழிதான் தம்பி. நான் அந்த 200 ரூபாயைத் தாண்டி வரமுடியாமல் நிற்கிறேன்.

அது யார் பணம்? அப்பா வலை கட்டிய கூலி. அதை இன்னொரு வலை கட்டுகிறவரிடம் கொடுத்து, அவர் பின்னியதில் உன் பெயரை ஒட்டி மார்க் வாங்கியிருக்கிறாய். நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறியிருந்தால், டீ ஆறுவதற்குள் அப்பா பின்னித் தந்திருப்பார். இல்லை, தந்திருக்க மாட்டார். ஊசியை உன் கையில் திணித்து ‘நீ போடு’ என்றிருப்பார். அந்த இடத்தில் கை நடுங்கும் என்றுதானே துறைமுகத்துக்குப் போனாய்?

‘அப்பாவுக்குப் புரியாது’ என்கிறாய். செவுள் வலையை இழுத்துப் பிடித்த நீளத்துக்கே கயிற்றில் கட்டினால் கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, மூடிக்கொள்ளும். ஏறக்குறைய பாதி நீளத்துக்குச் சுருக்கிக் கட்டினால்தான் கண்ணி விரியும், மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டும். நீ அதை விகிதம், சூத்திரம் என்று நோட்டில் எழுதுகிறாய். அவர் விரலால் அளக்கிறார். யாருக்கு எது புரியவில்லை?

பெற்றவர் கேட்கவில்லை என்றால் பிள்ளைதான் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நான் பழைய காலத்து ஆள், அப்படித்தான் சொல்வேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மும்பை வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு எழுது. இடம் கிடைத்தால் போ. இல்லையென்றால் அரசுத் தேர்வுக்குப் படி. ஆந்திராவில் சம்பளம் உடனே கைக்கு வரும், ஆனால் இரவு பகல் பார்க்காமல் குளத்தங்கரையில் கிடக்க வேண்டும். நாளைக்கு நீ மீன்துறை ஆய்வாளராகக் கரையில் இறங்கி, கண்ணி சின்னதாக இருக்கிறது என்று யாரையாவது அதட்டினால், அவர் உன் விரல்களைத்தான் முதலில் பார்ப்பார்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்பாவுக்கு வேலை குவிகிற நேரம். லீவு கிடைத்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார். கண்ணி அளவு பிசகினால் அறுத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார், போடு. மும்பை, ஆந்திரா எல்லாவற்றையும் அப்போது பேசு. அப்புறம், அந்த 200 ரூபாயையும் சொல்லிவிடு.