'மற்றவை நேரில்' என்று எழுதிய இடத்தில் தொடங்குங்கள்

கேள்வி: வளைகுடாவில் 12 வருஷம் வேலை பார்த்தபோது ஊரிலிருந்த நண்பனுக்கு நிறையக் கடிதங்கள் எழுதினேன். அத்தனையையும் பத்திரமாக வைத்திருந்து இப்போது ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். "இதுவே ஒரு நாவல்டா" என்கிறான். அப்படியே தட்டச்சு செய்து கோத்தால் போதுமா?

பதில்: போதாது. ஆனாலும் அந்தப் பையில் நாவலுக்கான முதல் வரைவு நிச்சயம் இருக்கிறது. கடிதம் எப்படிக் கதையாக மாறுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கி.

1849 டிசம்பர் 22 அன்று பீட்டர்ஸ்பர்க்கின் செம்யோனோவ் மைதானத்தில் அவரையும் தோழர்களையும் சுட்டுக்கொல்ல நிறுத்தினார்கள். முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டியும் ஆயிற்று. கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டது. அன்றைக்கே சிறையிலிருந்து அண்ணன் மிகயீலுக்குக் கடிதம் எழுதுகிறார். 'மூன்று மூன்று பேராகக் கூப்பிட்டார்கள், நான் ஆறாவது ஆள், ஆகவே இரண்டாவது வரிசை, எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் இல்லை' என்கிறார். அண்ணனை நினைத்துக்கொண்டதையும், பக்கத்தில் நின்ற இருவரைத் தழுவிக்கொண்டதையும் சொல்கிறார். அந்தக் கணத்துக்கு அவர் கொடுப்பது சில வரிகள்தான்.

சுமார் 18 வருஷம் கழித்து அதே காட்சி 'அசடன்' நாவலில் வருகிறது. நாவலின் நாயகன் மிஷ்கின் அதைத் தனக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவமாகச் சொல்கிறான். அந்த மனிதர் வரிசையில் எட்டாவது ஆள், மூன்றாவது குழு. அவருக்கு இருப்பது ஐந்து நிமிஷம். அதை அவர் பங்கு போடுகிறார்: தோழர்களிடம் விடைபெற இரண்டு நிமிஷம், தன்னைப் பற்றி நினைக்க இரண்டு, மீதி கடைசியாகச் சுற்றிலும் பார்த்துக்கொள்ள. பக்கத்துத் தேவாலயத்தின் பொன்பூசிய கூரை வெயிலில் மின்னுகிறது. அதிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடிவதில்லை.

ஆளை இரண்டு இடம் பின்னால் தள்ளி நிறுத்தியதில் நாலு நிமிஷம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த நாலு நிமிஷத்துக்குள்தான் கதை இருக்கிறது. அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை. தம்பி பிழைத்துவிட்டான் என்று தெரிந்தால் அவருக்குப் போதும். எழுதுகிறவன் எப்படிப்பட்டவன் என்பதும் அவருக்கு முன்பே தெரியும். முன்பின் தெரியாத வாசகருக்கோ அந்த மைதானத்தில் நின்று பார்க்க நேரம் வேண்டும். 'நான்' என்பதை 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று மாற்றியதுதான் இதில் மிகத் துணிச்சலான வேலை என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் பைக்கு வருவோம். முதலில் தேதி வரிசைப்படி எல்லாவற்றையும் பிழை திருத்தாமல் தட்டச்சு செய்யுங்கள். மூலக் கடிதங்களில் பேனா படக் கூடாது. அப்புறம், அழகாக எழுதியிருக்கும் கடிதங்களைத் தள்ளி வையுங்கள், அவை அநேகமாக முடிந்துபோனவை. அவசரமாக முடித்த கடிதங்களைத் தேடுங்கள். நம் ஊர்க் கடிதங்களில் கடைசியில் 'மற்றவை நேரில்' என்று எழுதுவோமே, எந்தக் கடிதத்தில் அது வெறும் வழக்கத்துக்காக இல்லாமல், உண்மையிலேயே எதையோ சொல்லாமல் விட்டதற்காக வந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு பத்துப் பக்கம் எழுதுங்கள். 'நான்' வேண்டாம், வேறொரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 1867 கடைசியில் ஜெனீவாவில் இருந்தபோது தஸ்தயெவ்ஸ்கி அதுவரை எழுதியதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு 'அசடன்' நாவலைப் புதிதாக ஆரம்பித்தார். முழுக்க நல்லவனான ஒரு மனிதனைப் படைக்க வேண்டும் என்ற தவிப்பை, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி டிசம்பர் 31 அன்று நண்பர் மாய்கவுக்கு எழுதினார். மறுநாளே தங்கை மகள் சோஃபியாவுக்கும் அதே விஷயத்தை எழுதினார். அவளிடம் பேசும்போது கிறிஸ்து, நாவல் நாயகர்களான தோன் கிஹோத்தே, பிக்விக் என்று ஒப்பீடுகள் வருகின்றன. ஆள் மாறும்போது யோசனையே வேறு பக்கம் திரும்புகிறது. நண்பருக்கு எழுதிய அதே வாரத்தில் அம்மாவுக்கோ மனைவிக்கோ நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அம்மாவுக்கு 'சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை' என்றும், நண்பனுக்கு 'மூணு நாளா வெறும் குப்பூஸ் ரொட்டிதான்' என்றும் எழுதியிருந்தால், இந்த இரண்டையும் ஒரே இரவில் எழுதியவன்தான் உங்கள் கதாநாயகன்.

உரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய வாசகங்களின் பதிப்புரிமை உங்களுடையது, காகிதம் யாரிடம் இருந்தாலும் சரி. நண்பர் எழுதிய பதில்கள் அவருடையவை, அவற்றிலிருந்து ஒரு பத்தி எடுப்பதானாலும் அவரிடம் கேளுங்கள். அறைத் தோழர்களின் கடன், குடும்பச் சண்டை போன்றவற்றில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, ஊரையும் வேலையையும் சேர்த்தே மாற்றுங்கள்.

முதல் பத்துப் பக்கம் முடிந்ததும் அந்த நண்பரிடம் காட்டாதீர்கள். விட்டதையெல்லாம் அவர் மனசே நிரப்பிக்கொள்ளும். உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, 'இது யார்?', 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று அவர் கேட்கும் இடங்களில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.